கதையில் நமக்கு என்ன வேடம்?

1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’ படமாக வந்தது. ஜமீன்தாரிடம் பட்ட கடனால் தூக்கில் தொங்கிய தகப்பனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் மகன், காளி கோயிலில் போய் நின்று அம்மனையே கேள்வி கேட்கிறான். ஊரை அடித்து உலையில் போட்டவன் செழிக்க, கும்பிட்டவன் ஏன் கெட வேண்டும் என்ற அந்தக் கேள்வியைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 17-இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க. தொடங்கப்பட்டது. கட்சிக்கு முன்பே கதை வந்து இடம்பிடித்துவிட்டது.

தலைமையைப் பற்றி எழுதுகிறவர்கள் கொள்கை, அமைப்பு, பணம், சாதிக் கணக்கு எல்லாவற்றையும் அலசுவார்கள். கதையை மட்டும் மேடை ஜோடனை என்று தள்ளிவிடுவார்கள். 1967-இல் அரிசித் தட்டுப்பாடு இருந்தது, இந்தி எதிர்ப்பு இருந்தது, ராஜாஜியோடு கூட்டணி இருந்தது. எல்லாம் உண்மைதான். அந்த ஆண்டு வேறு பல மாநிலங்களிலும்தான் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. அங்கே பெரும்பாலும் சில ஆண்டுகளில் அது திரும்பி வந்துவிட்டது. இங்கே அதன் தலைமையில் மறுபடி ஓர் ஆட்சி அமையவில்லை. பசியும் கூட்டணியும் ஒரு தேர்தலை ஜெயித்துக் கொடுக்கும். அரை நூற்றாண்டு தாங்குவதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று என்ன? அண்ணாவின் கதைகளில் கேட்பவனுக்கு ஒரு வேடம் இருந்தது. கடன்பட்டவன், வேலைக்காரி, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவன் என்று அவன் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த வேடம்தான் அது. அதை நடுமேடைக்குக் கொண்டுவந்ததுதான் புதுசு. கருணாநிதி எழுதிய ‘பராசக்தி’யில் (1952) குற்றவாளிக் கூண்டில் நிற்பவனே தனக்கு வக்கீலும் ஆகிறான், கொட்டகையில் இருக்கும் கூட்டம் நீதிபதி ஆகிறது. அந்த வசனம் புத்தகமாக அச்சாகி விற்றது. முடிதிருத்தும் கடைகளிலும் டீக்கடைகளிலும் ‘திராவிட நாடு’, ‘முரசொலி’ ஏடுகளை ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் தன் கதை தெரிந்திருந்தது. காங்கிரஸ்காரர்கள் இதைக் ‘கூத்தாடிகள் கட்சி’ என்று கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களிடம் சாதனைகள் நிறைய இருந்தன, அணை, பள்ளிக்கூடம், தொழிற்பேட்டை என்று. அதில் ஜனங்களுக்குப் பயனாளி என்ற இடம் மட்டுமே இருந்தது.

எம்.ஜி.ஆர். வந்ததும் இந்த ஏற்பாடு மாறியது. அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் ஒரு சாமானியன் மன்னனின் ஆசனத்தில் அமர்ந்து சட்டம் போடுகிறான். பார்க்கிறவன் இனி வழக்காடவே வேண்டாம். அவனுக்காக வழக்காட ஆள் வந்தாயிற்று. 1967 ஜனவரி 12-இல் அவர் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுப் போட்ட படம் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறியது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். குண்டடிக்குப் பிறகு அவர் குரல் பழையபடி திரும்பவில்லை. அதற்காக ஒரு ரசிகனும் விலகிப் போகவில்லை. கதை சொல்லக் குரல்கூடத் தேவைப்படாத நிலைக்கு அவர் வந்துவிட்டார், அவரே கதையாகிவிட்டார்.

தன்னைப் பற்றிய கதையால் பயனே இல்லை என்று சொல்லவும் முடியாது. சின்ன வயதில் பட்ட பசியை எம்.ஜி.ஆர். திரும்பத் திரும்பச் சொன்னார். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆனால் 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது அது அவருடைய சொந்தப் பசியின் கதையாக விளம்பரம் ஆகவில்லை. நெ.து. சுந்தரவடிவேலு போன்ற கல்வித்துறை அதிகாரிகள் ஊர்க்காரர்களிடம் அரிசியும் காய்கறியும் கேட்டு நடத்திய திட்டம் அது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். இன்றைக்கு எல்லாக் கட்சி மேடையிலும் அவர் ஏழைப் பங்காளர். மாடு மேய்க்கும் சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டவர். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்பது எவ்வளவு வசதி!

அண்ணாவின் கதை மட்டும் பழுதில்லாததா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று சுருங்கியது. ஜனங்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது 1968 டிசம்பர் 25. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் முற்றிய பகையில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். முதலமைச்சர் அண்ணா. ‘வேலைக்காரி’யின் ஜமீன்தார் கடைசியில் மனம் திருந்துகிறார். வெண்மணியின் நிலச்சுவான்தார் திருந்தவும் இல்லை, உயர் நீதிமன்றத்தில் தண்டனை பெறவும் இல்லை. வில்லன் அப்படியே கதையிலிருந்து எழுந்து வந்து நின்றபோது, இருபது ஆண்டுகளாக அந்தக் கதையைச் சொன்ன கட்சிக்கு அடுத்த வரி வரவில்லை. வெண்மணியைச் செங்கொடிக்காரர்கள் நினைவில் வைத்தார்கள். இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். ‘எழுத்து’ சிற்றிதழ் 1959 ஜனவரியில் தொடங்கியபோது ‘நாடோடி மன்னன்’ வெளியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. சிற்றிதழ் மரபு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்குமொழி, பிரசாரம், இலக்கியமில்லை என்று மூன்று சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டு நனவோடைக்குப் போய்விட்டோம். தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். ஒரு மாநிலத்தையே ஆண்ட கதையை, கதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்காமல் விட்டதன் பலன், அந்த வேலை ரசிகர் மன்றங்களுக்கும் பிறகு விளம்பர நிறுவனங்களுக்கும் போனது.

ஜெயலலிதா கல்யாண மேடையிலும் கட்சி விழாவிலும் குட்டிக் கதை சொன்னார். பின்னர் அந்தப் பழக்கம் திரைப்படப் பாடல் வெளியீட்டு மேடைகளுக்கும் போனது. இந்தக் குட்டிக் கதைகளில் அரசன் இருப்பான், துறவி இருப்பார், சிங்கம் இருக்கும். கடன்காரனும் கூலிக்காரியும் இருக்க மாட்டார்கள். அரசனும் சிங்கமும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவர்களுக்குக் கைதட்டும் வேலை மட்டும் மிச்சம். நாற்பதுகளின் ஒரு நாடகக் கொட்டகையில் கிடைத்ததைவிட இது கீழான இடம் என்பதே எங்கள் கருத்து.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் நடக்கும் ஒரு பொதுக்கூட்டப் பேச்சை முழுதாகக் கேளுங்கள். ஒரு சிறுகதையை விமர்சிக்கும் கறாரோடு அதைப் பற்றி எழுதி அனுப்புங்கள். யார் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார், வில்லன் யார், பெயரே வராமல் விடுபட்டவர் யார் என்று பாருங்கள். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் சரி. அடுத்த இதழில் அந்தக் கட்டுரைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம்.