பட்டியலில் ஏறாத மேடுகள்

தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையென முன்னர்ப் பிரகடனம் செய்யப்பெற்ற புராதனச் சின்னங்களுள் பதினெட்டினை, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவைக் கொண்டு பட்டியலினின்று நீக்க இந்தியத் தொல்லியல் துறை 2024 மார்ச்சில் முற்பட்டது குறித்து இவ்விதழ் மௌனம் சாதிப்பது முறையன்று. முஜேசரின் கோஸ் மினாரும் காசியின் தேலியா நாலாப் பௌத்தச் சிதைவுகளும் இருக்குமிடம் தெரியாமற்போன அப்பதினெட்டில் அடங்கும். இல்லாத பொருளுக்குக் காவல் எதற்கு என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், 35-ஆம் பிரிவு பேசுவது சின்னம் தன் முக்கியத்துவத்தை இழந்த நிலையைப் பற்றியேயன்றி, காவலர் சின்னத்தையே இழந்த நிலையைப் பற்றியன்று. 92 சின்னங்களைக் காணவில்லையென 2013-இல் தணிக்கை அறிக்கை உரைத்த பின்னும், எவர் பொறுப்பிலிருந்தபோது எது மறைந்தது என்று விசாரித்து எழுதாமல் பெயரை மட்டும் அடிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. மறைந்தவற்றுக்கெனத் தனிப் பதிவேடு வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

பெயர் நீங்கினால் நூறு மீட்டர்த் தடைப்பகுதியும், அதற்கப்பாலுள்ள இருநூறு மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியும் உடன் நீங்கும். அவ்விழப்புக்கேனும் ஒரு தேதி உண்டு. பட்டியலில் என்றுமே ஏறாத, பண்டை ஊர்கள் புதைந்த நம் நத்தமேடுகளுக்கு அதுவும் இல்லை.

கல்வட்டமும் கல்திட்டையும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. தாழியோ அருங்காட்சியகத்தை அலங்கரிக்கிறது. அத்தாழியில் அடங்கியவர்கள் உண்டு, உழுது, நெய்து, ஓட்டில் தம் பெயரைக் கீறி வாழ்ந்த ஊரோ, சாம்பலும் ஓடும் மண்டிய வெறும் மேடாகக் கிடப்பதால், எருவென வயலுக்கும், சவுடென லாரிக்கும், மூலப்பொருளெனச் செங்கற் சூளைக்கும் இரையாகிறது. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூர் உலகப் புகழ் பெற்றது அதன் இடுகாட்டினால். வாழ்விடத்தின் அருமையை நாடறியச் செய்த கீழடியோ, தென்னந்தோப்பாயிருந்தமையால் தப்பியது. சட்டம் காத்ததனால் அன்று. அங்கே மத்தியத் துறை நிகழ்த்திய முதலிரு பருவ அகழாய்வின் அறிக்கை 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பெற்றும் நெடுநாள் அச்சேறவில்லை. தோண்டியதை வெளியிடத் தயங்குவோர், தோண்டாததைக் காப்பர் என்று எவ்வாறு நம்புவது?

பல ஆண்டுகளுக்கு முன், மேட்டாங்காடு ஒன்றில் கருப்பு சிவப்பு ஓடுகளும் உறைகிணற்றின் வாயும் கண்டு, சர்வே எண்ணுடன் வரைபடம் எழுதி ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். கட்டுமானம் ஏதும் தென்படாமையால் நடவடிக்கைக்கு இடமில்லை என்று மறுமொழி வந்தது. மறுமுறை சென்றபோது மேடு இருந்த இடத்தில் பள்ளமும், பள்ளத்தின் கரையில் சூளையும் இருந்தன. அச்சூளையின் செங்கல்லில் ஓட்டுச்சில்லு பதிந்திருந்தது. அச்செங்கல் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. மண்ணே அவ்வூரின் கட்டுமானம் என்பதை ஓர் அதிகாரிக்கு விளங்கவைக்க இயலாமற்போன துக்கம் இன்றும் ஆறவில்லை.

ஆகவே, களஆய்வு செய்யும் அன்பர்கள் தாம் அறிந்த நத்தமேடு ஒவ்வொன்றின் சர்வே எண், பரப்பு, மேற்பரப்பு ஓடுகளின் வகை, கண்ட தேதி ஆகியவற்றை எழுதியனுப்புக. அடுத்த இதழ் முதல் அவற்றுக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கப்படும். அரசாங்கம் பட்டியலிடும் வரை, இவ்விதழே அவற்றின் பட்டியலாக இருக்கட்டும்.