சிவகாசி தானா வளர்ந்துச்சா?

தீபாவளி நெருங்கினாலே ஒரு ஃபார்வர்டு சுத்த ஆரம்பிச்சிடும். "அரசாங்க உதவி எதுவும் இல்லாம, சொந்த உழைப்பால மட்டுமே வளர்ந்த ஊர் சிவகாசி. இலவசம் கேட்கிறவங்க பார்த்துக் கத்துக்கணும்!"

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதல்ல சொல்லிடுவோம். மழை பொய்த்தா பிழைப்பு இல்லாத வானம் பார்த்த பூமி. அங்கிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று, 1923-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சகம் வந்தது. அதே அச்சுத் தொழில் பிறகு நாடு முழுக்கக் காலண்டர் அடிச்சுக் கொடுத்தது. தீப்பெட்டி மருந்து பழகின ஊர் பட்டாசுக்கும் போச்சு. அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறோம்.

இப்போ ஃபார்வர்டு மறைக்கிற மீதிப் பாதி.

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு, ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி. வெள்ளைக்காரன் கஜானாவை நிரப்பத்தான் போட்டான். ஆனா இறக்குமதிச் சரக்கு விலை ஏறினதால உள்ளூர்க்காரனுக்கு வழி பிறந்தது. 1928-ல் அதையே பாதுகாப்பு வரியாக்கிச் சட்டம் வந்தது.

ஸ்வீடன் கம்பெனி சும்மா இருக்கல. விம்கோ என்ற பெயரில் இங்கேயே இயந்திர ஆலைகள் கட்டியது, நம்ம திருவொற்றியூர்லயும்தான். கையால குச்சி அடுக்குற சிவகாசி அதோட எப்படிப் போட்டி போட்டுச்சு? இயந்திரத் தீப்பெட்டிக்கு அதிக கலால் வரி, கைத்தீப்பெட்டிக்குக் குறைந்த வரின்னு சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அரசு வெச்ச வித்தியாசம் கைகொடுத்துச்சு.

இது அரசு உதவி இல்லாம வேற என்ன? முதலாளிக்குக் கொடுத்தா 'தொழில் ஊக்கம்', ஏழைக்குக் கொடுத்தா 'இலவசமா'?

அடுத்து, 'சொந்த உழைப்பு'ன்னு சொல்றீங்களே, அது யாரோட உழைப்பு? சுத்துப்பட்டு கிராமத்துல விடியுறதுக்கு முன்னாடி வண்டி ஏறின பெண்களோட உழைப்பு. செஞ்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி. குழந்தைகளும் அதுல இருந்தாங்க. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வெச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பிஞ்சு விரல்களை எந்தக் கணக்குல எழுதினீங்க?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஒரே வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அதுக்கப்புறமும் வெடிச்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்: உள்குத்தகை, அளவுக்கு மீறிய ஆட்கள், உரிமம் ரத்து. ஒரு வாரம் செய்தி, அப்புறம் அமைதி.

2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டு, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம்னு சொன்னது. டெல்லிக் குழந்தையோட மூச்சும் முக்கியம்தான், மறுக்கல. ஆனா அந்த மாற்றத்தோட செலவைத் தினக்கூலி வாங்குற அக்கா மட்டும் ஏன் சுமக்கணும்?

நாங்க கேட்பது மூணு. உள்குத்தகைக்கு முற்றுப்புள்ளி. ஆலைக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில். வேலை நிறுத்தப்படும் நாட்களுக்கு நிவாரணம்.

இது பிச்சை இல்லை. முதலாளிக்கு வரியில் கிடைச்ச பாதுகாப்பு, தொழிலாளிக்கு உயிரில் கிடைக்கணும். அவ்வளவுதான்.

சிவகாசி தானா வளரல. அதை வளர்த்தவங்களைத் தனியா விடவும் கூடாது.

அந்த ஃபார்வர்டு அடுத்த தடவை உங்க குடும்பக் குரூப்புக்கு வந்தா, இதைப் பதிலா அனுப்புங்க.

#சிவகாசி #உழைப்பவர்_வரலாறு