கறுப்பு மை போதும்

போன செமஸ்டர்ல சிம்போசியம் போஸ்டர் டிசைன் பண்ணது நான்தான். ஸ்கிரீன்ல செமையா இருந்துச்சு. ஜெராக்ஸ் கடையில கறுப்பு வெள்ளையில நூறு காப்பி போட்டதும் முகம், எழுத்து எல்லாம் ஒரே சாம்பல் கூழ். மட்டமான பேப்பர்லயும் நிக்கிற படம் எப்படி இருக்கும்னு தேடப்போய்த்தான் 1930-களின் அமெரிக்கச் செய்தித்தாள் சாகச காமிக்ஸ்ல மாட்டிக்கிட்டேன். 'தாத்தா காலத்து ஐட்டம்'னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

அவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தினமும் ஒரு வரிசை, மூணு நாலு கட்டம். மை ஊறுற மலிவுத் தாள். கலர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். மெல்லிய கோட்டை நம்பினா என் போஸ்டர் கதிதான். 1933 கடைசியில் 'ஸ்கார்ச்சி ஸ்மித்' என்ற விமானி கதைக்கு வந்த நோயல் சிக்கிள்ஸ், முதல்ல பழைய ஓவியர் மாதிரியே வரைய வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமா தன் பாணிக்கு மாறினார். பிரஷ்ஷை எடுத்து, வெளிச்சம் எங்கே விழுதுன்னு பார்த்து, மீதியைக் கறுப்பாக்கிட்டார். சட்டை மடிப்பு, விமான இறக்கை எல்லாத்தையும் நிழலே காட்டிடுது. விட்ட இடத்தை நம்ம கண்ணு நிரப்பிக்குது.

அவரோட ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் மில்டன் கேனிஃப். 1934 அக்டோபரில் ஆரம்பிச்ச 'டெர்ரி அண்ட் த பைரேட்ஸ்' இவருடையது. அதன் முதல் மாதத்தையும் 1936-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல்ல சாதாரண கார்ட்டூன் கோடு. ரெண்டே வருஷத்துல சினிமா கேமரா மாதிரி ஆங்கிள், இருட்டு, பாதி வெளிச்சத்துல முகம். வேற ஆள் வரைஞ்சாரோன்னு தோணும். எனக்கு சிக்கிள்ஸைவிட இவரைத்தான் பிடிக்கும். கதையும் ஓடும்.

ஆனா ஒண்ணு நெருடுது. சீனாவில் நடக்கிற கதை அது. அதுல வர்ற கோனிங்கிற சீனப் பையன் மட்டும் பெரிய காது, துருத்துற பல்லுன்னு வெறும் கேலிப்படம். பக்கத்துல நிக்கிற அமெரிக்கனை அவ்வளவு அக்கறையா வரைஞ்சதும் அதே பிரஷ்தான். அதனால திறமை போதலைன்னு சொல்ல முடியாது. 'அந்தக் காலம் அப்படி'ன்னு தாண்டிப் போகவும் எனக்கு மனசு வரலை. ரசிக்கும்போது அதையும் சேர்த்தேதான் பார்க்கணும்.

வீட்டுப் பரண்ல பழைய முத்து காமிக்ஸ் இருந்தா காரிகன் கதையைத் தேடுங்க. 1934-ல் அலெக்ஸ் ரேமண்ட் வரைய ஆரம்பிச்ச 'சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9' தான் பின்னாடி காரிகன் ஆச்சு. முதல் தடவை வசனத்தைப் படிக்காதீங்க. கறுப்பு எங்கெங்கே விழுந்திருக்குன்னு மட்டும் பாருங்க.

அடுத்த போஸ்டர்ல கிரேடியன்ட் எல்லாத்தையும் தூக்கிட்டேன். "இந்த வாட்டி தெளிவா வந்திருக்கு தம்பி"ன்னார் ஜெராக்ஸ் அண்ணன்.