பலேர்மோ வைத்தியரின் பழமொழிகளும் நம்முடையவையும்

பழமொழிகளை மெச்சுவோர் ஏராளம். அவற்றைச் சொல்லும் வாய்களைத் தேடிச் சென்று, கேட்டு, எழுதி வைக்கும் சிரமத்தை மேற்கொண்டோர் மிகச் சிலரே. அச்சிலரில் தலையாயவர் என்று நான் கருதுபவர், சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவில் 1841-ஆம் ஆண்டு ஒரு மாலுமியின் மகனாகப் பிறந்து, இளமையில் இத்தாலியின் ஒருங்கிணைப்புக்காகப் போரிட்ட கரிபால்டியின் பக்கம் சேர்ந்து, பின்னர் வைத்தியராகி, 1916-இல் மறைந்த ஜுசெப்பே பித்ரே.

நோயாளிகளின் வீடுகளுக்குக் குதிரை வண்டியில் செல்லும்போதும் எழுதிக்கொண்டே போனவர் அவர். எழுத்தறியாதவளாய், போர்வை தைத்து ஜீவித்த அகத்துட்சா மெஸ்ஸியா என்னும் முதியவளிடம் கதைகளைக் கேட்டு, அவள் பெயரையும் நிலைக்கச் செய்தார். அவருடைய 25 தொகுதி நூல்வரிசையில், 1880-இல் வெளிவந்த நான்கு தொகுதிகள் பழமொழிகளுக்கே உரியவை.

அரபியர், நார்மானியர், ஸ்பானியர் என்று அந்நியர் மாறி மாறி ஆண்ட தீவில், “வெள்ளம் கடக்கும்வரை வளைந்து கொடு, நாணலே” என்ற வாக்கு பிறந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் “செவிடனாய், குருடனாய், ஊமையாய் இருப்பவன் நூறாண்டு நிம்மதியாக வாழ்வான்” என்பதும் அத்தீவின் பழமொழியே. மாஃபியாவின் கொடுமைக்கு ஜனங்கள் வாய்மூடிக் கிடந்த காலத்தின் அச்சம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் உறைந்திருக்கிறது. மாஃபியாவுக்கு மாமூல் கொடுக்க மாட்டேன் என்று 1991 ஜனவரியில் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதிய பலேர்மோ வியாபாரி லிபெரோ கிராஸ்ஸி, அதே ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எதை மீறினார் என்பதை முழுமையாக உணர அந்தப் பழமொழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால், முன்னோர் வாக்கு என்பதாலேயே எல்லாவற்றையும் ஞானம் என்று கொண்டாடுவதும் பிழை. கசப்பானவற்றைக் களைந்துவிட்டுத் தொகுப்பதும் பிழை. பெண்களையும் சில ஜாதியாரையும் இழிவு செய்யும் நம் பழமொழிகளுக்கும் இதுவே பொருந்தும். அவை பதிவாக வேண்டும், பின்பற்றப்பட வேண்டியதில்லை.

தமிழில் இப்பணி 1843-இல் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கிற்று. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அங்கே வெளியிட்ட தொகுப்பு, 1874-இல் சென்னைப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளாக வளர்ந்தது. மகத்தான உழைப்புத்தான், எனினும் எந்த ஊரில், யார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்ற உயிர்ச்செய்தி அதில் இல்லை.

அக்குறையை நீக்கும் வாய்ப்பு இன்று பலேர்மோவிலேயே இருக்கிறது. போரினால் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் அங்கே குடியேறி, சைவர்களும்கூடப் பெல்லெக்ரினோ மலையேறி, நகரின் காவல் புனிதையாகிய ரோசாலியாவை வணங்கி வாழ்கிறார்கள். இத்தாலிய மொழியில் படித்து வளரும் அவர்களுடைய குழந்தைகளுக்கு அம்மம்மாவின் பேச்சிலேதான் பழமொழி கிடைக்கும். “பதறாத காரியம் சிதறாது: பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் தம்பி பாலைக் கொட்டியபோது அம்மம்மா சொன்னது, அவர் பிறந்தது இன்ன ஊர்” என்று ஒரு பிள்ளை தமிழ் வகுப்பு நோட்டில் எழுதினால் போதும், பித்ரே செய்த காரியத்தை அப்பிள்ளையும் செய்ததாகும். பிள்ளைகளின் நோட்டுகளைத் தமிழ் ஆசிரியர்கள் ஒன்றுதிரட்டி, ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், மற்றொன்றைப் பித்ரே பலேர்மோவில் நிறுவிய மியூசியத்துக்கும் அனுப்பவேண்டும் என்பது என் விண்ணப்பம்.