எத்தனை பழம் இல்லை, எத்தனை கரண்டி?



ஜெர்மனியில் படிக்கும் என் தங்கை மகன் போன வாரம் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். "பெரியம்மா, எலுமிச்சை சாதத்துக்கு எத்தனை பழம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். "அரைக் கிலோ அரிசிக்கு மூணு" என்று பதில் போட்டேன். ராத்திரி போன் வந்தது. "ஒருத்தராலயும் வாயில வைக்க முடியல பெரியம்மா. எல்லாரும் பிரெட் சாப்பிட்டுப் போயிட்டாங்க."

தப்பு அவன் மேல் இல்லை, என் மேல்தான். அங்கே கடையில் கிடைப்பது பெரிய மஞ்சள் லெமன். ஒன்றைப் பிழிந்தாலே மூன்று மேசைக்கரண்டி சாறு வரும். நம் ஊர் எலுமிச்சை சின்னது. சுமார் ஒரு மேசைக்கரண்டிதான், அதாவது 15 மில்லி. நான் நினைத்தது 45 மில்லி. அவன் பிழிந்தது ஏறக்குறைய 135.

வேதியியல் டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் ஒரே கடையில் ஆறு பழம் வாங்கி, இருமல் மருந்து மூடியில் அளந்தேன். 9, 11, 14, 15, 18, 23 மில்லி. சராசரி சரியாக 15. ஆனால் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். இதில் "ரெண்டு பழம்" என்றால் 20 மில்லியும் வரலாம், 41 மில்லியும் வரலாம். உருவத்தில் பெரிய பழம் 14தான் தந்தது; தோல் அவ்வளவு தடிமன்.

பியூரெட் அளவு ஒத்து வராவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்துப் போடமாட்டேனே, நினைவிருக்கிறதா? அந்த நான்தான் அடுப்படியில் நாற்பது வருஷமாகப் பழக்கணக்கு சொல்லியிருக்கிறேன்!

"நாக்கு இருக்கும்போது அளவு எதுக்குடி?" என்பார் என் அக்கா. வாஸ்தவம்தான். புளிப்பும் பழத்துக்குப் பழம் மாறும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு முக்கால் பங்கு சாற்றை விட்டு, ருசி பார்த்து மீதியை விடுங்கள். ஆனால் நாக்கு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்பவருக்குத்தான் உதவும். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவுதான் துணை.

என் அம்மாவின் நோட்டில் ஊறுகாய்க்கு இப்படி எழுதியிருக்கிறது: "பழம் 25, உப்பு ரெண்டு கை." எந்தக் கை? அந்தக் கை போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் போட்டுப் பார்க்கிறேன், அந்த ருசி வரவில்லை. அம்மா உப்பு அள்ளும்போது பக்கத்தில் ஒரு தராசை வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிழியும்போது கீழே ஒரு அளவுக் கோப்பையைப் பிடியுங்கள். எண்ணைக் குறித்து வையுங்கள். திருத்துவதற்கு நான் தயார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்