தெரியாது என்று சொல்லத் தெரியுமா?

நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் பயிரிடும் ஒருவர் உரக்கடைக்குப் போகிறார். "குருத்துல புழு விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார். கடைக்காரருக்குத் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால், "வேளாண்மை ஆபீசரைக் கேட்டு வைக்கிறேன், நாளைக்கு வாங்க" என்பார். தப்பாகச் சொல்லிவிட்டு அவர் தப்ப முடியாது. மறுவாரமே ஊரார் கடை வாசலில் நிற்பார்கள்.

இன்று கைப்பேசியில் கேட்டால் நிறுவனங்களின் சாட்பாட், அதாவது உரையாடும் நிரல், நொடியில் பதில் தருகிறது. அந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு? இக்கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

உரையாடும் நிரல் புதிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 1966-ஆம் ஆண்டிலேயே 'எலிசா' என்ற நிரலை வெளியிட்டார். நாம் தட்டும் வாக்கியத்தில் சில சொற்களைப் பொறுக்கி, அவற்றையே கேள்வியாகத் திருப்பிவிடும். அவ்வளவுதான் அதன் வித்தை. வணிக நிறுவனங்களின் முதல் சாட்பாட்டுகளும் ஏறத்தாழ இந்த இனமே. 'கணக்கு இருப்பு' என்றால் இந்தப் பதில், 'கடன்' என்றால் அந்தப் பதில் என்று மனிதர்கள் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். எழுதி வைக்காததைக் கேட்டால் அது திருதிருவென விழிக்கும். எரிச்சல்தான், ஆனால் அதில் ஒரு நாணயம் இருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை வேகமாக மாறியது. புதிய நிரல்கள் பதிலைத் தேடி எடுப்பதில்லை; சொல் சொல்லாக உண்டாக்குகின்றன. "ஆடிப் பட்டம் தேடி..." என்று நான் நிறுத்தினால் நீங்கள் "விதை" என்று முடிப்பீர்கள் அல்லவா? அதே வேலைதான். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற நிரல், அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்தகவைக் கணக்கிட்டு ஒன்றைத் தேர்கிறது. இந்தத் தேர்வை மாற்றும் திருகுக்கு 'வெப்பநிலை' என்றே பெயர்! வாயு மூலக்கூறுகள் எந்த ஆற்றல் நிலையில் எத்தனை இருக்கும் என்பதற்குப் போல்ட்ஸ்மான் தந்த சூத்திரத்தின் அதே வடிவம் இங்கே இருப்பதால் வந்த பெயர் அது. வெப்பநிலையைக் குறைத்தால் வழக்கமான சொற்களே வரும். கூட்டினால் அரிதானவையும் தலைகாட்டும். (இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. இத்துறைக்கு அடிகோலிய ஹாப்ஃபீல்டு, ஹின்டன் இருவருக்கும் 2024-இல் கிடைத்தது இயற்பியல் நோபல் பரிசு.)

ஆனால் நிகழ்தகவு மிகுந்த சொல் வேறு, உண்மையான சொல் வேறு. எந்தத் திருகைத் திருகினாலும் முன்னது பின்னதாகிவிடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து என்று கேட்டால், சரியான எண்ணையும் தவறான எண்ணையும் நிரல் ஒரே சரளத்துடன் சொல்லும். கடைக்காரரின் தயக்கம் அதனிடம் இல்லை. கம்பெனியின் ஆவணங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்படி இப்போது நிரல்களை அமைக்கிறார்கள். பிழை குறைகிறது, ஒழிந்துவிடவில்லை. இதற்கிடையில் இவை பேசுவதோடு நிற்காமல் காரியமும் செய்யத் தொடங்கிவிட்டன. ஐ.ஆர்.சி.டி.சி. 2018-இல் தொடங்கிய 'ஆஸ்க்திஷா' முதலில் ஐயங்களுக்குப் பதில் சொன்னது. பின்னர் வந்த அதன் இரண்டாம் வடிவம் டிக்கெட் எடுக்கவும் ரத்து செய்யவும் செய்கிறது.

கனடாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாட்டி இறந்த துக்கத்துக்குப் பயணம் செய்ய வேண்டிய ஒருவர், 2022-இல் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட்டிடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கியபின் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. நிறுவனத்தின் விதியோ பயணம் முடிந்தபின் சலுகை இல்லை என்பது. தகராறு பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. சாட்பாட் தனி ஆள் போன்றது, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்ற ரீதியில் நிறுவனம் வாதாடியது! தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில், வட்டியும் செலவும் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது.

தொகை சிறிதுதான். கொள்கை பெரிது. கடையில் வேலைக்கு நிற்கும் பையன் சொன்ன விலைக்கு முதலாளி கட்டுப்படுவதில்லையா? நிரலுக்கும் அதுவே முறை. சென்னையில் வேரூன்றி வளர்ந்த ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய நிரல்களை உலகுக்கே விற்கின்றன. நாளை உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போவீர்கள். "எனக்குத் தெரியவில்லை, இதோ ஒரு மனிதரிடம் இணைக்கிறேன்" என்று சொல்லும் நிரலை எழுதுவது, சளைக்காமல் பேசும் நிரலை எழுதுவதைவிடக் கடினம். அதைச் செய்பவர்களையே நான் கெட்டிக்காரர்கள் என்பேன்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்னசேலத்திலிருந்து சேலத்துக்கு ரயில் எப்போது என்று ஏதேனும் ஒரு சாட்பாட்டிடம் மூன்று விதமாகக் கேளுங்கள்: பாடநூல் தமிழில், உங்கள் பாட்டி பேசுகிற தமிழில், ஆங்கிலத்தில். பதில்களை நோட்டில் குறித்து, நிலையத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிறகு, நைனார்பாளையம் ரயில் நிலையத்திலிருந்து முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அப்படி ஒரு நிலையமே கிடையாது. அது என்ன சொல்கிறது பார்ப்போம்.