மூளைக்கு வயரிங் போடுகிறார்களாம்

“காந்தத்தால் மூளைக்குப் புது வயரிங் போடுகிறோம், பக்க விளைவே கிடையாது.” நைனார்பாளையத்தில் ஒரு முகாம் மேடையில் கேட்ட பேச்சு இது. துண்டறிக்கைகளிலும் கைபேசிக் காணொளிகளிலும் இதையே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மனச்சோர்வோ மறதியோ குடியோ, எதுவானாலும் மூளையில் அறுந்துபோன இணைப்பை ஒட்டிவிட்டால் தீர்ந்துவிடுமாம். நோயாளியின் குடும்பம் கடன் வாங்கிக் கட்டும் காசை நம்பித்தான் இந்தப் பேச்சு நடக்கிறது.

காந்தம் மூளை முழுக்க ஊடுருவுகிறது என்கிறார்கள். 1985இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு காட்டிய, காந்தத்தால் மூளையைத் தூண்டும் இந்தக் கருவிக்கு எல்லை உண்டு. தலைமேல் வைக்கும் எட்டு வடிவச் சுருளின் வீச்சு மண்டையோட்டிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான்.

வேகமாகத் துடிப்பு கொடுத்தால் இணைப்பு வலுக்கும், மெதுவாகக் கொடுத்தால் தளரும் என்பது அடுத்த வாதம். 2011இல் எல்டெய்ஃப் குழு மூளையின் பக்கவாட்டுப் பகுதி ஒன்றைத் தூண்டிப் பார்த்தது. நொடிக்கு 20 துடிப்பு கொடுத்தபோது புறணிப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு குறைந்தது. நொடிக்கு ஒன்று கொடுத்தபோது நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸுடனான இணைப்பு கூடியது. மேடையில் சொன்னதற்கு நேர் எதிர்!

இனி துண்டறிக்கையில் வரும் வண்ண மூளை ஸ்கேன் படங்கள். சிகிச்சைக்கு முன் நீலம், பின் சிவப்பு. “பாருங்கள், புது இணைப்பு” என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்த ஸ்கேனில் நரம்பு இழை எதுவும் தெரியாது. மூளையின் இரண்டு இடங்களில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒன்றாக ஏறி இறங்குகிறதா என்று மட்டும் அது கணக்குப் பார்க்கிறது. இந்தியாவில் பிறந்த பரத் பிஸ்வால் 1995இல் காட்டியது இதைத்தான்: சும்மா படுத்திருப்பவரின் இடது, வலது இயக்கப் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்கின. சேர்ந்து அசைவதாலேயே இரண்டுக்கும் நடுவே நேர்க் கம்பி இருக்கிறது என்று ஆகிவிடாது. மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் ஒரே நேரத்தில் விளக்கு மங்கினால், டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று என்றுதான் அர்த்தம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு யாரும் ஒயர் இழுக்கவில்லை.

அந்தக் கணக்கும் நிலையானதா? ஸ்கேனில் படுத்தவர் கண்ணயர்ந்தால் மாறும். மூச்சு மாறினால் மாறும். தலை சற்று அசைந்தாலும் மாறும். எந்தச் சிகிச்சையும் தராமல் ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்தாலே இரண்டு படம் கிடைக்கும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வுகளில் போலிச் சுருளும் வைக்கிறார்கள். டக்டக் சத்தம் வரும், தூண்டல் இருக்காது. துண்டறிக்கைப் படங்களில் அந்த ஒப்பீடு எங்கே?

ஆனாலும் இணைப்புக் கணக்கால் பயன் உண்டு. 2012இல் மைக்கேல் ஃபாக்ஸ் குழு சுட்டியபடி, மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதியோடு எதிர்த்திசையில் ஏறி இறங்கும் முன்மூளைப் புள்ளிகளில் தூண்டியபோது மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. சுருளை எங்கே வைப்பது என்பதற்கு அது ஒரு தடயம். மருந்து கேட்காத மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்கா 2008இல் அனுமதித்தது. 2018இல் வெளியான 414 பேர் ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். நோய் முற்றிலும் தணிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொன்னாலே போதுமே, சிலருக்கு உதவும் சிகிச்சை என்று மக்கள் புரிந்துகொள்வார்களே.

குடியை விட வைப்போம் என்பதை மட்டும் மன்னிக்க முடியாது. 2020இல் அமெரிக்கா அனுமதித்தது சிகரெட்டை விடுவதற்கு, மதுவுக்கு அல்ல. குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு வலிப்பு வரக்கூடும். இந்தத் தூண்டலாலும் அரிதாக வலிப்பு வரும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலிகொடுத்த மாவட்டத்தில்தான் நைனார்பாளையமும் இருக்கிறது. இங்கே வந்து, குடிக்கிறவனின் மனைவியிடம் பக்க விளைவே கிடையாது என்று சொல்வது அக்கிரமம்.

மனநலச் சிகிச்சை எதுவானாலும் அதன் தன்மையையும் தெரிந்த பக்க விளைவுகளையும் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தருகிறது. எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.